இயற்கையின் எல்லைகளை மதிக்காத காணிக் கொள்கை

65,610 சதுர கிலோமீற்றர் பரப்பளவு மாத்திரமே கொண்ட எமது நாடு, இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையுடன் சேர்த்து, உயிர்ப்பல்வகைமை செறிந்ததும் அச்சுறுத்தலுக்குள்ளானதுமான உலகப் பிரதேசங்களில் ஒன்றாகக் கணிக்கப்படுகின்றது. இப்பெருமையைப் பேசுவோர் அதற்குக் காரணமான புவியியலைக் கவனத்திற்கொள்ளாமையே கவலைக்குரியதாகும்.

மத்திய மலைநாடு தென்மேல் பருவக்காற்றைத் தடுத்து, தென்மேற்கில் மழையைப் பொழியச் செய்கின்றது. ஏனைய பகுதிகளுள் பெரும்பாலானவை உலர்வலயமாகின. பனி யுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்தபோது இலங்கை இந்தியாவுடன் நிலத்தால் இணைந்திருந்தது. எனினும் ஈரக்காட்டு உயிரினங்கள் பலவற்றால் இடையிலிருந்த வறண்ட சமவெளியைக் கடக்க முடியவில்லை. அவை இங்கேயே தனித்து வளர்ந்து, இந்நாட்டுக்கே உரிய இனங்களாகின. நக்கிள்ஸ் மலைகளில் வாழும் கொம்பு ஓணான் இனத்தை மகாவலிப் பள்ளத்தாக்குக்கு அப்பாலுள்ள ஹோட்டன் சமவெளியில் காணமுடியாது. அங்கிருப்பது வேறோர் இனமாகும்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகின்றது. காடு எவ்வளவு உள்ளது என்பதைப் போலவே, எங்கே உள்ளது என்பதும் முக்கியமானதாகும். இந்நாட்டுக்கே உரிய இனங்களில் பெரும்பாலானவை ஈரவலயத்தில் வாழ்கின்றன. ஆனால், பாதுகாக்கப்பட்ட நிலங்களில் பெரும்பகுதி உலர்வலயத்திலேயே உள்ளது. கோப்பி, தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்காக அழிக்கப்பட்ட ஈரவலயக் காடுகள் இன்று சிறு சிறு துண்டுகளாகவே எஞ்சியுள்ளன. அத்தகைய துண்டொன்று அழியுமானால், வேறு மாவட்டத்தில் இலட்சம் மரங்களை நட்டாலும் அது ஈடாகாது. இந்நிலையில், எஞ்சிய அரச காடுகளுக்குப் பாதுகாப்பளித்த 2001 ஆம் ஆண்டுச் சுற்றுநிருபம் 2020 நவம்பரில் இரத்துச் செய்யப்பட்டமை, புவியியலைப் புறக்கணித்த தீர்மானம் என்றே நாம் கருதுகின்றோம்.

உலர்வலயத்தின் பிரச்சினை வேறுவிதமானது. நீரையும் உணவையும் தேடிப் பருவத்துக்கேற்ப இடம்மாறும் யானைகளுக்குச் சரணாலய எல்லை தெரியாது. 2023 இல் மாத்திரம் 400 இற்கும் மேற்பட்ட யானைகளும் 150 இற்கும் மேற்பட்ட மனிதர்களும் உயிரிழந்தனர். இவ்வாறு பலியானோரில் பெரும்பாலானோர் ஏழை விவசாயிகள் என்பதை மறந்துவிடலாகாது.

மக்களை மறந்து எல்லை வகுப்பதும் தவறாகும். 1990 இல் வெளியேற்றப்பட்ட வடக்கு முஸ்லிம்கள் மன்னாரின் தென்பகுதிக்குத் திரும்பியபோது, தமது பூர்வீகக் காணிகள் வனமாகிவிட்டதாக முறையிட்டனர். யுத்தத்தால் இடம்பெயர்ந்த தமிழ் மக்களும் வேறு பகுதிகளில் இதே முறைப்பாட்டை முன்வைத்துள்ளனர். மக்கள் இல்லாத காலத்தில் வளர்ந்த பற்றைக்காட்டையும் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக நிலைத்த மழைக்காட்டையும் ஒரே கோலால் அளக்கும் வர்த்தமானி அறிவித்தல், வனத்துக்கோ மக்களுக்கோ நீதி வழங்காது.

எனவே, எந்த இனம் எங்கு வாழ்கின்றது, எந்தக் காணி எவருடையது என்ற இரண்டையும் களத்தில் ஆராய்ந்த பின்னரே எல்லைகள் வகுக்கப்பட வேண்டும். ஈரவலயத்தின் எஞ்சிய காடுகளுக்குச் சட்டப் பாதுகாப்பும், இடம்பெயர்ந்தோரின் காணி உரிமைக்கு உரிய தீர்வும் ஒருசேர வழங்கப்படல் அவசியம். இவை ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. அவ்வாறு முரண்பட வைத்தது கொழும்பிலிருந்து வரையப்பட்ட கோடுகளேயாகும்.