சேறுதான் சாட்சி

கன்டோன்மென்ட் ஊர்களில் அடிக்கடி காணக்கூடிய காட்சி இது. நாற்சந்தியிலோ படைப்பிரிவின் வாசலிலோ சிமென்ட் மேடைமீது ஒரு பாட்டன் டாங்கி நிற்கும். 1965 யுத்தத்தில் பாகிஸ்தானிடமிருந்து கைப்பற்றியது. பச்சை பெயிண்ட் பளபளக்கும். சுற்றிலும் வெள்ளையடித்த கற்கள், ஓரத்தில் பூச்செடிகள், விவரம் சொல்ல ஒரு பலகை. எல்லாம் ஒழுங்காக இருக்கும். இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: அந்த டாங்கிகளை மடக்கிய சேறு.

அந்தச் சேற்றைத் திரும்பப் பூசுவதற்காக மாதக்கணக்கில் மேஜை விளக்கின் கீழ் உட்காரும் ஒரு சிறு கூட்டம் உண்டு. கையளவு பிளாஸ்டிக் டாங்கிகளை ஒட்டி, பெயிண்ட் அடித்து, ஒரு மரப்பலகைமீது நிலமும் பயிரும் அமைத்து நிறுத்துபவர்கள். அந்தப் பலகைக் காட்சிக்கு டயோரமா என்று பெயர். புதிய டாங்கியை வெயிலும் மழையும் சண்டையும் பார்த்த டாங்கியாக மாற்றும் வேலைக்கு வெதரிங் என்று பெயர். பார்ப்பவர்களுக்கு இது பொம்மை விளையாட்டு. செய்பவர்களுக்கோ ஏறக்குறைய துப்பறியும் வேலை.

இந்த உலகில் செல்வாக்கான அளவு 35-ல் ஒரு பங்கு. இந்த விசித்திரமான எண்ணுக்குப் பின்னால் எந்தத் தத்துவமும் இல்லை. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா கம்பெனி, மோட்டாரில் ஓடும் ஜெர்மன் பாந்தர் டாங்கி ஒன்றைத் தயாரித்தது. உள்ளே மோட்டாரும் இரண்டு பேட்டரிகளும் அடங்க வேண்டும். அதற்கேற்ற உடம்பை வடிவமைத்த பிறகு கணக்குப் பார்த்தால் அசலில் 35-ல் ஒரு பங்கு வந்தது. அதுவே வழக்கமாகிவிட்டது. சுமார் 3.6 மீட்டர் அகலமும் 45 டன் எடையும் கொண்ட பாட்டன், இந்த அளவில் 10 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருங்கி உள்ளங்கையில் உட்காரும். அதன் 90 மில்லிமீட்டர் பீரங்கிக் குழாயின் துவாரம் இரண்டரை மில்லிமீட்டர்.

டயோரமாவுக்கு ஒரு கதை வேண்டும் என்பதை வலியுறுத்தியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான ஷெப்பர்ட் பெய்ன். டயோரமா அமைப்பது பற்றி 1980-ல் அவர் எழுதிய புத்தகம் இந்தப் பொழுதுபோக்கின் பாடநூலாகிவிட்டது. பெல்ஜியத்தின் பிரான்சுவா வெர்லிண்டன், ஈரமில்லாத பிரஷ், நீர்த்த வண்ணம் இவற்றால் பிளாஸ்டிக்குக்கு இரும்பின் கனத்தைக் கொடுக்கும் வித்தையைப் பரப்பினார்.

இந்தியாவில் கதைக்காக வெகுதூரம் போக வேண்டியதில்லை. பஞ்சாபில் எல்லையோரம், கேம்கரண் அருகே, அசல் உத்தர் என்ற கிராமம் இருக்கிறது. 1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை அங்கே நடந்தது, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பெரிய டாங்கிச் சண்டைகளில் ஒன்று. பாகிஸ்தானின் முதலாவது கவசப் படை டிவிஷன் பாட்டன்களுடன் நுழைந்தது. மேஜர் ஜெனரல் குர்பக்ஷ் சிங்கின் 4-வது மலைப் படை டிவிஷன் பின்வாங்கி, அசல் உத்தரைச் சுற்றிக் குதிரை லாட வடிவில் வளைந்து நின்றது. கால்வாய் நீர் வயல்களில் பாய்ச்சப்பட்டது. ஆளுயரத்தைத் தாண்டிய கரும்புக்குள் இந்தியாவின் செஞ்சுரியன், ஷெர்மன் டாங்கிகள் பதுங்கிக் காத்திருந்தன. நனைந்த வயலில் பாட்டன்களின் வேகம் குறைந்தது, பல சிக்கிக்கொண்டன. ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் பல டாங்கிகளை வீழ்த்தி, 10-ம் தேதி உயிரிழந்த ஹவில்தார் அப்துல் ஹமீதுக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. இந்தியக் கணக்குப்படி பாகிஸ்தான் இழந்த டாங்கிகள் 97. பிடிபட்டவற்றை பிக்கிவிண்டில் வரிசையாக நிறுத்தியபோது அந்த இடத்துக்கே பாட்டன் நகர் என்று பெயர் வந்தது.

பிறகு அவை ஊர் ஊராகப் பிரிந்து மேடை ஏறின. கழுவப்பட்டன. பெயிண்ட் அடிக்கப்பட்டன. வெற்றி நடந்தது என்பதை அந்த டாங்கி இன்றும் சொல்கிறது. எப்படி நடந்தது என்பதைச் சொல்லாது. மாடல்காரரின் வேலை இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

முதல் சங்கடம் பெட்டியைத் திறந்தவுடனேயே வரும். கடைகளில் நெடுங்காலமாகக் கிடைத்துவரும் டாமியா பாட்டன், எம்48ஏ3 ரகம். வியட்நாமில் ஓடிய டீசல் டாங்கி. அசல் உத்தருக்கு வந்தவை பெட்ரோலில் ஓடிய முந்தைய ரகங்கள். பின்பக்கத்து எஞ்சின் மூடியின் அமைப்பே வேறு. கண்டுகொள்ளாமல் ஒட்டிவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் யுத்தத்தின் சாட்சி என்று நிறுத்தப்போகும் பொருளில் முதல் பாகமே பொய் சாட்சியாகிவிடும். ஆகவே மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, 1965-ன் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பின்பக்கத்தைத் திருத்த வேண்டும். இதற்கே சில வாரங்கள் போய்விடும்.

அடுத்தது நிறம். அசல் டாங்கியின் பச்சையை அப்படியே மாடலுக்கு அடித்தால் கறுத்துத் தெரியும். பெரிய பொருளைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது நடுவில் உள்ள காற்றும் வெளிச்சமும் நிறத்தை வெளிறச் செய்கின்றன. சிறிய மாடலைக் கண்ணுக்கருகில் வைத்துப் பார்ப்பதால் அந்தச் சலுகை கிடைப்பதில்லை. எனவே பச்சையில் கொஞ்சம் வெள்ளையோ மணல் நிறமோ கலக்க வேண்டும்.

இதன்மீது வருவது வாஷ். ஓவியர்கள் பயன்படுத்தும் ஆயில் வண்ணத்தில் அடர் பழுப்பை எடுத்து, டர்பன்டைன் விட்டுத் தண்ணீராகக் கரைத்து, போல்ட்டுகளின் அடியிலும் மூடிகளின் விளிம்பிலும் தொட்டு வைப்பார்கள். அது தானே ஓடிப் பள்ளங்களில் தங்கி நிழலாகும். இதில் ஒரு கண்டிப்பு உண்டு. அடியில் இருக்கும் பெயிண்ட் நீரில் கரையும் அக்ரிலிக்காக இருந்து, நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அடியிலும் டர்பன்டைனில் கரையும் எனாமலாக இருந்தால் மேல்பூச்சு கீழ்ப்பூச்சைக் கரைத்துவிடும். ஒரு மாத வேலை ஒரு நிமிடத்தில் குழம்பாகிவிடும். இந்தப் பாடத்தை முதல் டாங்கியிலேயே கற்றுக்கொண்டவர்கள் ஏராளம்.

பெயிண்ட் உரிந்த இடங்களைக் காட்ட ஹேர் ஸ்பிரே உதவுகிறது. அடியில் துரு நிறம், அதன்மேல் ஹேர் ஸ்பிரே, அதன்மேல் பச்சை. காய்ந்ததும் ஈரப் பிரஷ்ஷால் தேய்த்தால் ஸ்பிரே இளகி, பச்சை செதில் செதிலாகப் பெயரும். பார்க்க அசலாக இருக்கும். ஆபத்தும் இதில்தான். கை நிற்காது. இன்னும் ஒரு கீறல், இன்னும் ஒரு துருக்கறை என்று போய், இரண்டு நாள் சண்டையில் இருந்த டாங்கி இருபது வருடம் கடற்கரையில் கிடந்தது போலாகிவிடும்.

கைதேர்ந்தவர்கள் ஒவ்வொரு கறையிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: நீ ஏன் இங்கே இருக்கிறாய்? பதில் சொல்ல முடியாத கறைக்கு இடமில்லை. பெயிண்ட் உரிவது வீரர்கள் ஏறி இறங்கும் இடங்களில், பூட்ஸும் கருவிகளும் உரசும் மூடி விளிம்புகளில், கரும்பும் மரக்கிளையும் இடிக்கும் மட்கார்டு முனைகளில். பீரங்கிக் கோபுரத்தின் நடுப்பக்கத்தில் காரணமின்றி உரியாது. சங்கிலிப் பட்டை முழுவதையும் வெள்ளி நிறத்தில் தேய்ப்பது புதியவர்கள் செய்யும் தவறு. பாட்டனின் பட்டையில் தரையைத் தொடும் பகுதி ரப்பர். ரப்பர் பளபளக்காது, துருவும் பிடிக்காது. பளபளப்பு, சக்கரங்கள் உரசும் பற்களிலும் இணைப்புக் கட்டைகளிலும் மட்டும்தான்.

எரிந்த டாங்கிக்கும் கைவிடப்பட்ட டாங்கிக்கும் இலக்கணமே வேறு. எரிந்ததில் சக்கரத்து ரப்பர் சாம்பலாகும். பெயிண்ட் கருகி உதிரும். பாதுகாப்பிழந்த இரும்பு சில நாட்களில் ஆரஞ்சு நிறத்தில் துருப்பிடிக்கும். கைவிடப்பட்டதில் இவை எதுவும் இருக்காது; பெயிண்ட் அப்படியே இருக்கும், சேறு மட்டும் ஏறியிருக்கும். அசல் உத்தரில் இரண்டும் இருந்தன. இரண்டையும் ஒரே டாங்கியில் கலப்பவருக்கு அழகு கிடைக்கலாம். உண்மை கிடைக்காது.

கடைசியாகச் சேறு. வீட்டுத் தோட்டத்து மண்ணை அப்படியே பூச முடியாது. ஒரு மில்லிமீட்டர் மணல் துகள், இந்த அளவில் மூன்றரை சென்டிமீட்டர் கூழாங்கல்லாகத் தெரியும். மண்ணைக் காயவைத்து, இடித்து, வேட்டித் துணியில் சலித்து, ஃபெவிகாலும் நிறப்பொடியும் சேர்த்துப் பிசைய வேண்டும். பூசுவதிலும் வரிசை உண்டு. பாட்டன் முதலில் உலர்ந்த தடத்தில் வந்தது. ஆகவே முதலில் வெளிறிய புழுதி. பிறகு நனைந்த வயலில் இறங்கியது. ஆகவே தெறித்த சேறு. பிறகு சிக்கிக்கொண்டது. ஓட்டுநர் முன்னும் பின்னும் முயன்றிருப்பார். பட்டைகள் சுழன்று தோண்டியிருக்கும். வயிறு தரையில் உட்கார்ந்திருக்கும். மட்கார்டுகளின் அடியில் சேறு அப்பிக் கிடக்கும். மேலே காய்ந்தது வெளுத்தும், கீழே ஈரமானது கறுத்தும் மினுங்கும். அந்த மினுக்கத்துக்கு ஒரு கை வார்னிஷ். தேங்கிய நீருக்குத் தெளிவான எபாக்ஸி ரெசின், மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகாமல். அதுவே அசலில் பத்து சென்டிமீட்டர் தண்ணீர்.

கரும்புக்குத் தென்னை ஈர்க்கு போதும். எட்டு சென்டிமீட்டர் ஈர்க்கு, ஏறக்குறைய மூன்று மீட்டர் கரும்பு. தோகைக்குக் காகிதத்தை நீளமாக நறுக்கிப் பச்சையும் வைக்கோல் நிறமும் அடிப்பார்கள். ஒரு சிறு பலகைக்கே நூற்றுக்கணக்கில் வேண்டும். வீட்டில் உள்ளவர்கள் துடைப்பத்தைத் தேடத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான்.

இவ்வளவும் முடிந்த பிறகு ஒரு முடிவு பாக்கி இருக்கும். பாட்டனுக்குள் நான்கு பேர்: கமாண்டர், பீரங்கி சுடுபவர், குண்டு போடுபவர், ஓட்டுநர். மேல்மூடிகளை மூடி ஒட்டுவதா, திறந்து ஒட்டுவதா? மூடினால் அவர்கள் இன்னும் உள்ளே இருக்கிறார்கள். திறந்தால் போய்விட்டார்கள். பசை காய்ந்த பிறகு மாற்ற முடியாது. எதிரியின் டாங்கிதானே என்று இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. ஆனால் இத்தனை மாதம் ஒவ்வொரு கறைக்கும் காரணம் கேட்டவருக்கு அது எளிதல்ல. அவர்கள் எங்கே மிதித்து ஏறினார்கள், எதில் கை வைத்தார்கள் என்று கண்டுபிடித்துத்தான் அவர் பெயிண்டை உரித்திருக்கிறார்.

மூன்று மூடிகளையும் திறந்து வைப்பது என்று முடிவானால் வேலை கொஞ்சம் கூடும். இறங்கியவர்களின் தடம் சேற்றில் இருந்தாக வேண்டும். மனிதனின் பூட்ஸ் இந்த அளவில் எட்டு மில்லிமீட்டர். ஃபெவிகால் சேறு இறுகுவதற்குள் ஒரு குச்சி முனையைச் செதுக்கி, இரண்டிரண்டாக அழுத்த வேண்டும். சேற்றில் ஓடுகிறவன் கால் நேராக விழாது. வழுக்கும், இழுபடும், ஓரிடத்தில் கையும் ஊன்றியிருக்கும். டாங்கியிலிருந்து புறப்பட்டு, ஈர்க்குக் கரும்பின் ஓரமாக, பலகையின் விளிம்புவரை நான்கு பேரின் தடங்கள். திரும்பி வந்த தடம் ஒன்றும் இல்லை.