கெப்பிட்டலா, சிம்பிளா?



உயர்தரத்தில் கணனி கற்கும் மகள் இரவு பத்து மணி தாண்டியும் திரையின் முன் கண்கலங்கி உட்கார்ந்திருக்கிறாள். "எல்லாம் சரியாகத்தான் எழுதினேன், உம்மா. பிழை என்றே காட்டுது. எனக்கு இந்தப் பாடம் வராது" என்கிறாள். நீங்களும் பார்க்கிறீர்கள்; எழுத்துக் கூட்டலில் ஒரு குறையுமில்லை. ஏசிவிடாதீர்கள். கெப்பிட்டலில் தொடங்க வேண்டிய சொல்லைச் சிம்பிளில் தொடங்கியிருக்கிறாளா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

தமிழிலும் அரபியிலும் இந்தப் பேதமே கிடையாது. அரபியில் 'பா' என்ற எழுத்து சொல்லின் தொடக்கத்தில் ஒரு வடிவமும் நடுவில் ஒரு வடிவமும் கடைசியில் ஒரு வடிவமும் எடுக்கும். ஆயினும் இன்றைய கணனி அதற்கு ஒரே இலக்கத்தையே வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் அப்படியல்ல. கெப்பிட்டல் 'ஏ'க்கு 65, சிம்பிள் 'ஏ'க்கு 97. நாம் ஒன்றாகக் காண்பது கணனிக்கு இரண்டு.

1957இல் ஃபோர்ட்ரான் வந்தபோது கணனியில் கெப்பிட்டல் மட்டுமே இருந்ததால் இச்சிக்கல் எழவில்லை. 1970இல் வந்த பாஸ்கல் இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும். அடுத்து வந்த 'சீ' மொழி கொள்ளாது. ஜாவாவும் பைத்தனும் அதன் வழியே. சாதாரண தரத்தில் பாஸ்கல் பழகிய பிள்ளை பைத்தனில் தடுமாறுவது இதனால்தான். பைத்தனில் 'ட்ரூ' கெப்பிட்டலில் தொடங்க வேண்டும், 'பிரிண்ட்' முழுவதும் சிம்பிள். ஜாவாவிலோ அதே 'ட்ரூ' சிம்பிள்! மனனமிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

இணையப் பக்கம் எழுதும் எச்.டி.எம்.எல். தன் குறிச்சொற்களில் எதையும் பொறுத்துக்கொள்ளும். 1998இல் வெளிவந்த எக்ஸ்.எம்.எல். பொறுக்காது. திறக்கும் குறி கெப்பிட்டலிலும் மூடும் குறி சிம்பிளிலும் இருந்தால் கோப்பையே நிராகரித்துவிடும். இந்தக் கண்டிப்பில் நியாயமுண்டு. 1928இல் அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறிய துருக்கியரிடம் புள்ளியுள்ள 'ஐ', புள்ளியில்லாத 'ஐ' என இரண்டு உண்டு. ஆங்கிலக் கெப்பிட்டல் 'ஐ'யைச் சிம்பிளாக்கினால் புள்ளி வரும்; துருக்கியில் வராது. எல்லா மொழிக்கும் பொருந்தும் ஒரே விதி இல்லாதபோது, எழுத்தை மாற்றாமல் உள்ளபடியே ஒப்பிடுவதுதான் பத்திரம்.

இன்னொன்று. மகள் செய்த பக்கத்தில் வீட்டுக் கணனியில் தெரிந்த படங்கள், இணையத்தில் ஏற்றியதும் காணாமல் போகலாம். விண்டோஸ் வழக்கமாகக் கோப்புப் பெயரில் இப்பேதம் பார்ப்பதில்லை. இணையச் சேவையகங்கள் பலவற்றில் இயங்கும் லினக்ஸ் பார்க்கும். கோப்புப் பெயர்களை முழுவதும் சிம்பிளிலேயே வைக்கப் பழக்குங்கள். ஏற்கனவே வைத்த பெயரைத் திருத்தினால், பக்கத்தினுள் எழுதிய பெயரையும் கூடவே திருத்த வேண்டும்.