ஐந்து ஸ்வரம், ஐந்து ராகம்

சகோதரிகளே, குறுக்கெழுத்தும் விடுகதையும் நமக்குப் புதிதல்ல. சங்கீதத்திலும் புதிர் போடலாம், தெரியுமோ? செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் குடியிருப்பில் ஐந்தாறு பேர் இதற்கென்றே கூடுகிறோம். வெளியூரில் இருக்கும் இரண்டு சிநேகிதிகள் தொலைபேசியில் சேர்ந்து கொள்வார்கள். மத்தியானச் சமையல் வேலை ஓய்ந்த பிறகு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் ஒரு மணி நேரம். ஒரே ஒரு சட்டம்தான்: கைப்பேசியில் விடையைத் தேடக் கூடாது!

எங்கள் மாடி வீட்டுப் பெண் எட்டு வருஷம் முறையாகப் பாட்டுக் கற்றவள். கல்யாணம் ஆயிற்று, அடுத்தடுத்து இரண்டு குழந்தைகள். சுருதிப் பெட்டி பரணுக்குப் போய்விட்டது. எத்தனை வீட்டில் இதே கதை! "எல்லாம் மறந்தே போயிடுத்து மாமி. சும்மா கேட்க மட்டும் வரேன்" என்று கைக்குழந்தையோடு வந்து ஓரமாக உட்கார்ந்தாள்.

முதலில் சுலபமான கேள்விகள். தன் பெயரையே முத்திரையாக வைத்துப் பாடியவர் ஒருவர், 'குருகுஹ' என்று வைத்தவர் ஒருவர், 'ச்யாமகிருஷ்ண' என்று வைத்தவர் ஒருவர். மூவரும் பிறந்த ஊர் எது? திருவாரூர். பாட்டில் 'ராமதாஸன்' என்று வந்தால் இயற்றியவர் யார்? பாபநாசம் சிவன். சங்கீத கலாநிதி விருது பெற்ற முதல் பெண்மணி? எம்.எஸ். சுப்புலட்சுமி, 1968-ல். இரண்டே வருஷத்தில், 1970-ல், டி.கே. பட்டம்மாளுக்கும் அது கிடைத்தது. இவையெல்லாம் தெரிந்தால் சொல்லலாம், தெரியாவிட்டால் கேட்டுக்கொள்ளலாம். எங்கள் பெண் வாயே திறக்கவில்லை.

அடுத்து வந்தது கெட்டிப் புதிர். "மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களில் ஒன்றைக்கூட மாற்றாமல் இன்னும் நாலு ராகம் காட்டுங்கள்!"

இதற்குக் கிரகபேதம் என்று பெயர். மோகனத்தில் வருவது ச ரி க ப த. அந்த ஸ்தானங்களை அப்படியே வைத்துக்கொண்டு, ரிஷபத்தை 'ச' என்று பாவித்துப் பாடினால் மத்யமாவதி ஆகிவிடும். காந்தாரம் 'ச' ஆனால் ஹிந்தோளம். பஞ்சமம் ஆனால் சுத்த சாவேரி. தைவதம் ஆனால் சுத்த தன்யாசி. இப்போது எழுதிவிட்டேன், சுலபமாகத் தெரிகிறது. அன்றைக்கு எல்லோரும் விரல் விட்டு எண்ணிக் கொண்டிருந்தோம்! மத்யமாவதி மட்டும்தான் அகப்பட்டது.

மூலையிலிருந்து மெல்லிய முனகல். குழந்தையைத் தட்டிக்கொண்டே அந்தப் பெண் ஏதோ பாடிப் பார்த்துக் கொண்டிருந்தாள். திடீரென்று, "மாமி, காந்தாரத்திலேர்ந்து பாடினா ஹிந்தோளம் வரதே!" என்றாள். சொன்ன கையோடு நாலு வரி ஆலாபனையும் செய்தாள். குரல் கொஞ்சம் கரகரத்தது, ஆனால் ஸ்வரம் பிசகவில்லை. பெயர்களும் வருஷங்களும் மறந்து போகலாம், அம்மா. காதிலும் தொண்டையிலும் ஊறியது அவ்வளவு லேசில் போய்விடாது.

எனக்கு ஒன்று தோன்றியது. பிறந்தகத்தில் மோகனமாக இருந்த பெண் புக்ககத்தில் வேறு ராகமாகத் தெரியலாம். ஆதார ஷட்ஜம்தான் மாறியிருக்கிறது. ஸ்வரங்கள் அத்தனையும் அவளிடமே இருக்கின்றன.

இப்போது செவ்வாய்தோறும் அவள் மாமியாரே பெரிய குழந்தையைப் பார்த்துக் கொள்கிறார். அந்த ஒரு மணி நேரத்தை அவளாக வாய்விட்டுக் கேட்கும் வரை, வீட்டில் யாருக்கும் அவள் மனசு தெரியவில்லை. கேட்டதும் கிடைத்துவிட்டது. நீங்களும் கேட்டுப் பாருங்களேன்!

கூட ஆள் இல்லையே என்று மலைக்க வேண்டாம். இரண்டு பேர் போதும். வாரம் ஒரு புதிர், விடை சொன்னவர் அடுத்த புதிர் போட வேண்டும். சுருதிப் பெட்டி இல்லாவிட்டால் கைப்பேசியிலேயே தம்புரா நாதம் கிடைக்கிறது. அதற்கு மட்டும் எங்கள் சட்டத்தில் விலக்கு உண்டு!

உங்களுக்கு ஒரு புதிர்: சங்கராபரணத்தின் ரிஷபத்தை 'ச' ஆக்கினால் வரும் ராகம் எது? மத்யமத்தை ஆக்கினால்? பாடிப் பாருங்கள். விடை அடுத்த இதழில்.