கொலு பார்க்கில் குட்டிச் சுரங்கம்!

பண்ருட்டி என்றால் பலா, முந்திரி. நவராத்திரி நெருங்கினால் பொம்மையும் சேர்ந்துகொள்ளும். களிமண்ணிலும் காகிதக்கூழிலும் செய்த பொம்மைகளைப் படியில் வைத்தாலும், குட்டீஸ் முதலில் தேடுவது கீழே இருக்கும் பார்க்கைத்தான். மலை, குளம், கோயில் எல்லாம் வழக்கமானவை. இந்த முறை பக்கத்து ஊரான நெய்வேலியின் சுரங்கத்தை அமைக்கலாமே! திறந்தவெளிச் சுரங்கமும் படிப்படியாகத்தான் இறங்கும், கொலுவைக் கவிழ்த்து வைத்த மாதிரி.

தெர்மாகோல் அட்டைகளைப் படிகளாக ஒட்டுங்கள். கிழித்த செய்தித்தாளை மைதாப் பசையில் தோய்த்து, மேலே இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். முழுசாகக் காயட்டும், ஈரத்தில் பெயின்ட் அடித்தால் உரிந்துவிடும். மேல்படிக்குச் செம்மண் நிறம், நடுவில் மணல் நிறம், அடியில் பழுப்பு நிலக்கரிக்குக் கரும்பழுப்பு.

பிரஷ்ஷில் வெளிர் நிறம் தொட்டு, துணியில் துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் லேசாகத் தேய்த்தால் நிஜ மண் போலவே தெரியும். குட்டிப் படைவீரர்களை மேஜையில் நிறுத்திப் போர் விளையாட்டு ஆடுபவர்கள் பாறைக்கும் மலைக்கும் பயன்படுத்தும் உத்தி இது.

ஸ்பிரே பெயின்ட் மட்டும் வேண்டாம். தெர்மாகோலையே அரித்துவிடும்.

குளம் வேண்டுமென்றால் கண்ணாடி வையுங்கள். கடுகு, கேழ்வரகு முளைப்பாரியைத் தனித் தட்டில் வளர்த்து, தள்ளி வையுங்கள். ஈரம் ஏறினால் காகிதக்கூழ் பொம்மை ஊறிப்போகும். பாட்டி பத்திரமாக வைத்திருந்த தசாவதார செட்டில் ஒன்று போனாலும், அதற்கு ஜோடி தேடுவது கஷ்டம்!