துணியைப் பார்த்தார்கள், பிள்ளையைப் பார்க்கவில்லை

பபக் அன்வாரியின் 'அண்டர் த ஷெடோ' (2016) திரைப்படத்தைப் பார்த்த நம்மவர் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றனர். ஜின்னைச் சாதோர் போர்த்த உருவமாகக் காட்டியதால் இது நமது பெண்களின் உடையை இழிவுபடுத்தும் படம் என்பது ஒரு சாராரின் வாதம். பேய்ப்படத்துக்குரிய திகில் போதவில்லை, ஆகவே தோற்றுவிட்டது என்பது மறு சாராரின் தீர்ப்பு. இரு சாராரும் துணியைத்தான் பார்த்தார்கள். அதற்கு முன்னால் நின்ற பிள்ளையைப் பார்க்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

ஈரான்–ஈராக் போரின் கடைசி வருடம், 1988. தெஹ்ரான் மீது ஏவுகணைகள் விழுகின்றன. டொக்டரான தகப்பன் போர்முனைக்கு அனுப்பப்பட்டுவிட்டார். பழைய அரசியல் ஈடுபாட்டைக் காரணங்காட்டி மருத்துவப் படிப்பைத் தொடர விடாமல் தடுக்கப்பட்ட ஷிதே, மகள் டோர்ஸாவுடன் மாடி வீட்டில் தனித்திருக்கிறாள். வெடிக்காத ஏவுகணையொன்று அந்தக் கட்டிடத்தின் கூரையைத் துளைக்கிறது. அதன் பின்னர் டோர்ஸாவின் பொம்மை காணாமற் போகிறது.

படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. டோர்ஸா போரைப் பற்றிப் பேசுவதில்லை, பொம்மையைத்தான் கேட்கிறாள். வகுப்பறையில் காலங்கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பயந்த பிள்ளை தன் பயத்தைச் சொல்லாது. தொலைந்த பென்சிலுக்காக நாள் முழுக்க அழும். நாமோ "ஒரு பென்சிலுக்கா இந்த அழுகை?" என்று அதட்டுவோம். ஷிதேயும் அப்படித்தான் அதட்டுகிறாள். தாயின் மனக்கசப்பு பிள்ளையின் பயத்தோடு கலப்பதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய படம் தோற்றதென்று எப்படிச் சொல்வது?

ஜின் கணவனின் குரலிலும் தொலைபேசியில் வந்து அவளைத் தூற்றுகிறது. கணவன்மாரை இழிவுபடுத்திய படமென்று எவரும் கொடி பிடிக்கவில்லையே! அவள் எதற்கெல்லாம் அஞ்சுகிறாளோ அதுவே உருவெடுக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரவில் தெருவுக்கு ஓடிய தாயை, தலையை மூடவில்லை என்று பிடித்துச் செல்கின்றனர். அந்தக் காட்சியைக் கண்ட பின்னும் துணி ஏன் பயங்கரமாகிறது என்று கேட்கலாமா? அந்தப் பயம் மார்க்கத்தின் மீதானதல்ல, அதிகாரத்தின் மீதானது.

குறை இல்லாமலில்லை. இறுதிக் கட்டத்தில் அந்தத் துணி திரையையே மூடி அலையடிக்கும்போது, பயமுறுத்தும் ஆசையில் நெறியாளர் பிள்ளையைச் சற்று மறந்துவிடுகிறார். ஆனால், முடிவு அதனை ஈடுசெய்கிறது. தாயும் மகளும் காரேறித் தப்புகின்றனர். பொம்மையின் தலையும் தாயின் மருத்துவப் புத்தகமும் அந்த வீட்டிலேயே கிடக்கின்றன. தப்பியவர்கள் எதையோ விட்டுவிட்டுத்தான் தப்புகிறார்கள்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் பிள்ளைகள் எவற்றையெல்லாம் விட்டுவந்தார்கள்? நாம் கண்டனம் எழுதினோம், புள்ளிவிபரம் எழுதினோம். ஒரு பிள்ளையின் பொம்மையை எத்தனை பேர் எழுதினோம்? இந்தப் படத்தைத் தூற்றுபவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.