போர்டுகளைத் திருப்பிக் கொடுங்கள்

எங்கள் கடற்கரையின் பொறுப்பில் இருக்கும் உயர் அதிகாரி அவர்களுக்கு,

ஐயா, உங்கள் பெயரையும் பதவியையும் நான் இங்கே எழுதவில்லை. எங்கள் மனுக்கள் உங்கள் மேசைக்கு வந்தன, முத்திரை குத்திய ரசீதும் கிடைத்தது. ஆகவே இது யாருக்கு எழுதியது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வரி பதில் வந்திருந்தால்கூட ஊரறிய இப்படி எழுத வேண்டி வந்திருக்காது.

நான் பழவேற்காட்டுப் பக்கத்து மீனவக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவன். அப்பா கட்டுமரத்தில் போனவர், பிறகு ஃபைபர் போட்டுக்கு மாறினார். நான் ஐடிஐ முடித்துவிட்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஃபிட்டராக இருக்கிறேன். வாரம் முழுக்க மெஷின், ஞாயிறன்று கடல். எங்கள் ஊர்ப் பையன்கள் சிலரும் நானும் சர்ஃபிங் செய்கிறோம். எங்களிடம் மூன்று போர்டுகள் இருந்தன. மூன்றும் கோவளத்திலிருந்து பழைய விலைக்கு வாங்கியவை. மூக்கு உடைந்ததை, போட் ஒட்டுகிற ரெசினை வைத்து நாங்களே ஒட்டினோம். அந்த மூன்றும் இன்று உங்கள் அலுவலகத்தின் பின்புறச் சுவரோரம் வெயிலில் கிடக்கின்றன. அவை அங்கே எப்படி வந்தன என்பதைத்தான் எழுத வந்தேன்.

முதலில் கடலைப் பற்றிக் கொஞ்சம். நாங்கள் போர்டு போடுகிற லைட் ஹவுஸ் குப்பத்துக் கடற்கரை குளிக்கிற கரை இல்லை. முன்னால் தீவு இல்லை, பாறை இல்லை, வளைகுடா இல்லை. வங்காள விரிகுடா நேரே வந்து மணலில் மோதுகிறது. பின்னால் பழவேற்காடு ஏரி, வடக்கே முகத்துவாரம், அதற்கும் அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று அடிக்கும்போது அலை ஒழுங்கில்லாமல் குமுறிக்கொண்டு வரும், நாங்களே இறங்க மாட்டோம். ஆனி, ஆடியில் தெண்டி ஓடும். தெற்கிலிருந்து வடக்கே இழுக்கிற நீரோட்டம் அது. தூரத்துக் கடலில் எங்கோ எழுந்த அலை அப்போது வரிசை வரிசையாக வந்து சேரும், போர்டு போடுகிறவனுக்கு அதுதான் நல்ல பருவம். நீந்தத் தெரியாதவனுக்கு அதே பருவம்தான் எமன்.

ஏன் என்று சொல்கிறேன். அலை கரைக்குத் தள்ளுகிற தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும். மணல் திட்டுகளுக்கு நடுவில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே ஒன்றுகூடி, வேகமெடுத்துக் கடலுக்குள் ஓடும். நாங்கள் அதை இழுப்பு என்போம். இழுப்பு ஓடுகிற இடத்தில் ஆழம் அதிகம், அதனால் அங்கே அலை உடையாது, நுரை இருக்காது. இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக மோதிக்கொண்டிருக்க, நடுவில் ஒரு பாதை மட்டும் சாதுவாகத் தெரியும். புதிதாக வருகிறவன், குடும்பத்தோடு வருகிறவன், பயந்தவன், எல்லாரும் அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். நாங்களும் அதைத்தான் தேர்ந்தெடுப்போம், வேறு காரணத்துக்காக. கை போடாமலே அலைக்கு அப்பால் கொண்டுபோய் விடுகிற வழி அது. அதனால் கடற்கரைக்கு வந்ததும் நாங்கள் முதலில் தேடுவது இழுப்பைத்தான். நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. தினம் தேடித் தேடிக் கண் பழகிவிட்டது.

ஒரு ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மதியம் ஐந்து இளைஞர்கள் வந்தார்கள். ஒடிசாக்காரர்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. பொன்னேரியில் பஸ் மாறி, பழவேற்காட்டில் இறங்கி, பாலம் தாண்டி ஷேர் ஆட்டோவில் வந்திருக்கிறார்கள். தகரக் கூரைக்குக் கீழே எட்டுப் பேர் ஒரு அறையில் தூங்கி எழுகிறவர்களுக்குக் கடலைப் பார்க்க ஆசை வருவதில் என்ன தப்பு? ஒருவர் செருப்புகளுக்கும் போன்களுக்கும் காவலாகக் கரையில் உட்கார்ந்தார். நான்கு பேர் இறங்கினார்கள். எங்கே இறங்கினார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் மூன்று பேர் அலைக்கு அப்பால் போர்டில் உட்கார்ந்திருந்தோம். நான், இருபது வயதுத் தம்பி ஒருவன், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பையன் ஒருவன். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவர்கள் கழுத்தளவுக்கு வந்ததை அந்தப் பையன்தான் முதலில் பார்த்தான். கத்தினான். நான்கு பேரும் கரையைப் பார்த்தபடி கையை அடிக்கிறார்கள், கரை விலகிக்கொண்டே போகிறது. இழுப்பு அவர்களை எங்கள் பக்கம் கொண்டுவந்தது, நாங்கள் எதிரே போனோம்.

மூழ்குகிறவன் ஆளைப் பிடித்தால் இரண்டு பேரும் போவார்கள். அதனால் ஆளைக் கொடுக்கக் கூடாது, போர்டைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு போர்டைத் தள்ளினோம், நெஞ்சு மேலே ஏறும்படி இழுத்தோம். கரைக்கு நேராகத் திரும்பாமல் இழுப்போடு கொஞ்சம் போய், பக்கவாட்டில் வடக்கே ஒதுங்கி, அலை உடைகிற இடத்துக்கு வந்து, அந்த அலையிலேயே கரை சேர்த்தோம். இதை எங்களுக்கு எந்தத் துறையும் சொல்லித் தரவில்லை. மூன்று போர்டுகள், மூன்று உயிர்கள். நான்காவது ஆள் கொஞ்சம் தெற்கே இருந்தார். பன்னிரண்டாம் வகுப்புப் பையன் தான் கொண்டுவந்தவரை மணலில் விட்டுவிட்டு மறுபடி போனான். அவன் போனபோது தலை தெரியவில்லை.

ஊரிலிருந்து ஃபைபர் போட்டுகள் இறங்கின. இருட்டும் வரை வலை போட்டுத் தேடினார்கள். மறுநாள் காலை வடக்கே, முகத்துவாரத்துக்குப் போகிற வழியில் உடல் ஒதுங்கியது. கணக்கு எழுத வந்தவர்களுக்கு ஒடியா தெரியாது, உயிர் பிழைத்தவர்களுக்குத் தமிழ் வராது. சிப்காட்டில் நான் கற்ற அரைகுறை இந்தியை வைத்துத்தான் இறந்தவர் பெயரைச் சொன்னோம். அதையும் தப்பாக எழுதினார்கள். அவருடைய அண்ணன் ரயிலேறி வந்து, அந்தப் பெயரைத் திருத்தி வாங்கிய பிறகுதான் உடல் கிடைத்தது.

இதுவரை நடந்ததற்கு நான் உங்களைக் குறை சொல்ல மாட்டேன் ஐயா. கடல் அப்படித்தான். அதற்குப் பிறகு நடந்ததற்குத்தான் நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டு நாள் கழித்து ஜீப் வந்தது. அனுமதி இல்லாமல் நீர் விளையாட்டு நடத்தியதாகவும், அதைப் பார்த்து வெளியூர் ஆட்கள் தைரியமாகக் கடலில் இறங்கியதாகவும் எழுதினார்கள். போர்டுகளை எடுத்துக்கொண்டார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பையனை அழைத்துப் போய், இனி கடலில் போர்டு போட மாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். அவன் அம்மா மீன் கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை வாசலில் உட்கார்ந்திருந்தார். ஒரு உயிரைக் கரை சேர்த்து, இன்னொரு உயிருக்காகத் திரும்பப் போன பையன் அவன். அவனிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்ல உங்கள் அலுவலகத்தில் ஒருவரும் இல்லை. அன்றிலிருந்து அவன் கடற்கரைப் பக்கம் வருவதில்லை. நாம்தான் அந்த ஆளைக் கொன்றோமா அண்ணா என்று என்னிடம் கேட்டான். அந்தக் கேள்வியை ஒரு பதினேழு வயதுப் பையன் தலையில் ஏற்றிவிட்டது உங்கள் காகிதம்.

எச்சரிக்கையை மீறி இறங்கியதால் மரணம் என்றும் அந்தக் காகிதத்தில் இருக்கிறது. எந்த எச்சரிக்கை? கரையில் நின்ற பலகை முந்தைய மழைக்காலத்தில் மணலோடு சரிந்து போனது. ரோட்டோரம் இருப்பது துருப்பிடித்த தகடு, அதில் இருப்பது தமிழ் மட்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து தொழிற்பேட்டையை நடத்துகிறோம். அவர்கள் உழைப்புக்கு இடம் கொடுத்த மாவட்டம், அவர்கள் மொழியில் ‘இங்கே இறங்காதே’ என்று ஒரு வரி எழுதிவைக்கவில்லை. படிக்க முடியாத ஒன்றை மீறியதாக, இறந்த மனிதர் மீதே குற்றம் எழுதிவிட்டீர்கள்.

தடை போட்டால் பொறுப்பு முடிந்தது என்ற எண்ணம் இங்கே புதிதல்ல. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குழந்தைகள் உட்பட, குடும்பம் குடும்பமாக. அன்று நான் சிறுவன், கரைக்கு வந்த உடல்களைப் பார்த்தவன். படகு சவாரிக்குத் தடை வந்தது. தடையோடு கரையில் ஒரு கயிறு, ஒரு மிதவை, கடலைப் பார்க்க ஒரு ஆள் என்று எதுவும் வந்து நிலைக்கவில்லை. 2025 அக்டோபர் 31 அன்று எண்ணூர்க் கடலில் நான்கு பெண்கள் இறந்தார்கள். அவர்கள் எந்தப் போர்டைப் பார்த்துத் தைரியம் கொண்டு இறங்கினார்கள்?

கடற்கரையே மாறிக்கொண்டிருக்கிறது என்பதையும் உங்கள் காகிதம் பார்க்கவில்லை. எண்ணூர்த் துறைமுகம் 2001இல் வந்தது, காட்டுப்பள்ளித் துறைமுகம் 2013இல் இயங்கத் தொடங்கியது. தெண்டியோடு வடக்கே வர வேண்டிய மணல் அவற்றின் கல் சுவர்களில் தடுக்கப்பட, வடக்கே உள்ள எங்கள் பக்கம் கரை கரைகிறது. கரை கரைந்தால் சரிவு கூடும், திட்டுகள் இடம் மாறும், இழுப்பும் இடம் மாறும். அப்பா காலத்தில் குளித்த இடத்தில் இன்று நான் இறங்க மாட்டேன். 330 ஏக்கர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,111 ஏக்கராக விரிக்கத் திட்டமும் போட்டார்கள். இந்த மாற்றத்தை நாள்தோறும் உடம்பால் அளக்கிறவர்கள் நாங்கள். எங்களைக் கேட்க வேண்டாமா?

இதே மாநிலத்தில், இதே கடலில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரிடம் போர்டை இரவல் கேட்டுத் தொடங்கினார். 2012இல் அங்கே சர்ஃபிங் பள்ளியே எழுந்தது. மாமல்லபுரத்து மீனவக் குடும்பத்துப் பெண் கமலி இன்று நாட்டுக்காகப் போட்டிகளில் அலையேறுகிறார். 2023இல் மாமல்லபுரத்தில் உலக சர்ஃப் லீக்கின் போட்டியை அரசே முன்னின்று நடத்தியது. 2025 ஆகஸ்டில் அங்கேயே ஆசியப் போட்டி நடந்தது, ரமேஷ் புடிஹால் வெண்கலம் வாங்கினார், மேடையில் அரசாங்கம் நின்று கைதட்டியது. செங்கல்பட்டு மாவட்டக் கடலில் பதக்கம் தருகிற போர்டு, திருவள்ளூர் மாவட்டக் கடலில் குற்றப் பொருளாவது எப்படி?

பதக்கம் எங்களுக்கு வேண்டாம், அது வருகிறபோது வரட்டும். உயிர் காக்கிற வேலையைப் பேசுவோம். ஆஸ்திரேலியாவில் பாண்டை கடற்கரையில் உயிர்காப்போர் சங்கம் 1907இலேயே உண்டானது. அலையில் விளையாடுகிறவர்களேதான் அங்கே அலையில் இருந்து மனிதர்களைக் காத்தார்கள். சிவப்பும் மஞ்சளுமான கொடி இரண்டுக்கு நடுவே மட்டும் குளி என்ற பழக்கத்தை அப்படிப்பட்ட சங்கங்கள்தான் நிலைநிறுத்தின. கோவாவில் 2008 முதல் சம்பளம் வாங்கும் உயிர்காவலர்கள் கரையில் நிற்கிறார்கள், மீட்கப் போகும்போது கையில் போர்டு இருக்கிறது. மெரினாவில் போலீசிலேயே தனிப் பிரிவு உண்டு. கும்மிடிப்பூண்டித் தொழிலாளியின் உயிர் மெரினாவுக்கு வருகிறவரின் உயிரைவிட மலிவு என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டீர்கள். உங்கள் அலுவலகம் செய்து காட்டிவிட்டது.

மனுவில் நாங்கள் கேட்டவை பெரிய விஷயங்கள் அல்ல. ஊரில் நீச்சல் தெரிந்த இளைஞர்களுக்கு முதலுதவிப் பயிற்சி கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் கூலி கொடுத்துக் கரையில் நிறுத்துங்கள் என்றோம். தினம் காலையில் இழுப்பு எங்கே ஓடுகிறது என்று பார்த்து, அங்கே ஒரு சிவப்புக் கொடி நட நாங்களே வருகிறோம் என்றோம். இந்தியிலும் ஒடியாவிலும் பெங்காலியிலும் எழுதிவையுங்கள் என்றோம். அனுமதி வேண்டுமென்றால் எந்தப் படிவம், எந்த மேசை என்று சொல்லுங்கள், ஊர்ப் பஞ்சாயத்தே வந்து பொறுப்பேற்கும் என்றோம். ஏரியைப் பாடு முறை வைத்துப் பங்கிட்டு, யாருக்கு எந்த நாள் என்று தலைமுறை தலைமுறையாக ஒழுங்கு காத்து மீன் பிடித்த ஊர்கள் இவை. விதி என்றால் என்ன என்று எங்களுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை.

இப்போது அத்தனையையும் விடுங்கள். அந்தப் பையன் வீட்டுக்கு ஒரு முறை போங்கள். அவன் எழுதிக் கொடுத்த காகிதத்தை அவன் அம்மா முன்னால் கிழித்துப் போடுங்கள். நீ செய்தது சரி தம்பி என்று சொல்லுங்கள். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், அவன் நம்பவில்லை. குற்றம் சாட்டியவர் வாயிலிருந்து வந்தால்தான் நம்புவான்.

போர்டுகளையும் கொடுத்துவிடுங்கள். வெயிலில் கிடந்தால் ரெசின் விரிசல் விடும், உள்ளே தண்ணீர் ஏறும், அப்புறம் மிதக்காது. ஜாமீன் வேண்டுமா, கையெழுத்து வேண்டுமா, ஊர்ப் பெரியவர்கள் வர வேண்டுமா, நாளைக்கே வருகிறோம். வரும் ஞாயிறும் பொன்னேரி பஸ்ஸில் ஆட்கள் வருவார்கள். அவர்களில் யாராவது இழுப்பில் இறங்கினால் நான் வெறுங்கையோடு நீந்திப் போவேன். ஒருவரைத்தான் என்னால் பிடிக்க முடியும். மற்றவர்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
பழவேற்காட்டுக் கரையிலிருந்து ஒரு மீனவரின் மகன்