முகவரின் பயிற்சியைப் பறித்தவர் யார்?

காப்பீட்டில் மக்கள் ஏமாறுவதற்கு முகவர்களின் அறியாமையே காரணம், அவர்களுக்கு மேலும் தேர்வுகளும் தொடர்பயிற்சியும் விதித்தால் குறை தீர்ந்துவிடும் என்று முதலாளித்துவப் பத்திரிகைகள் அவ்வப்போது உபதேசிக்கின்றன. தொடர்பயிற்சி தேவை என்பதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் இருந்த பயிற்சியை ஒழித்தவர் யார் என்ற கேள்வியை அவை எழுப்புவதேயில்லை.

2000-ஆம் ஆண்டின் உரிம விதிகளின்படி புதிய முகவர் 100 மணிநேரப் பயிற்சி பெற்றுத் தேர்வில் தேற வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க மேலும் 25 மணிநேரம் பயில வேண்டும். தனியார் நிறுவனங்களுக்கோ விற்பனைக்கு ஆள் திரட்டும் அவசரம். 100 மணிநேரம் 50 ஆயிற்று. 2015-இன் சட்டத் திருத்தம் ஒழுங்காற்று ஆணையம் உரிமம் வழங்கும் முறையையே நீக்கி, முகவர் நியமனத்தை நிறுவனங்களின் கையில் ஒப்படைத்தது. உரிமம் போனதும் புதுப்பித்தலும் அதற்கான பயிற்சியும் உடன் போயின. ‘விற்பனை முனை நபர்’ என்றொரு புதிய பிரிவுக்கு 15 மணிநேரம் போதுமெனவும் அதே ஆண்டில் விதி செய்யப்பட்டது. அந்நிய மூலதன வரம்பை 26 விழுக்காட்டிலிருந்து 49-ஆக உயர்த்தியதும் இந்தத் திருத்தமே என்பதைத் தோழர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இவ்விரண்டும் ஒரே சட்டத்தில் இடம்பெற்றது தற்செயலன்று.

இன்று பயிற்சி என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பவை புதிய திட்டத்தின் அறிமுகக் கூட்டமும் இலக்கு நிர்ணயமுமே. அதன் விளைவைக் காணப் பெருநகருக்குச் செல்ல வேண்டியதில்லை. பாலக்காடு மாவட்டத்தின் தமிழக எல்லையில், பொள்ளாச்சிக்குச் செல்லும் வழியில் உள்ள மீனாட்சிபுரத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டுமொழி தமிழ், அலுவலக மொழி மலையாளம், பாலிசிப் பத்திரத்தின் மொழியோ ஆங்கிலம். பிரீமியம் தவறினால் பாலிசி எப்போது காலாவதியாகும், திருமணத்திற்குப் பின் வாரிசு நியமனத்தை ஏன் மாற்ற வேண்டும், சொல்லப்படும் முதிர்வுத் தொகையில் எவ்வளவு உறுதியானது, எவ்வளவு போனஸ் அறிவிப்பைப் பொறுத்தது என்பவற்றை ஒரு தோட்டக் கூலித் தொழிலாளிக்கு எடுத்துச்சொல்ல முகவரைத் தவிர அங்கே யார் இருக்கிறார்கள்? விற்பவரே மொழிபெயர்ப்பாளராகவும் இருக்க நேர்கிறது. ஒரு சொல்லை அவர் பிழைபடச் சொன்னாலும் ஒரு குடும்பத்தின் பத்தாண்டுச் சேமிப்பு பறிபோகக்கூடும். 2024 அக்டோபருக்குப் பின் வந்த திட்டங்களில், ஓராண்டு பிரீமியத்தை முழுமையாகச் செலுத்தியிருந்தாலே சரண்டர் மதிப்பு கிடைக்க வழியுண்டு. இம்மாற்றத்தை அம்முகவருக்கு அவர் மொழியில் கற்பிக்கும் கடமை யாருடையது?

அதே மாதத்தில்தான் எல்.ஐ.சி. முகவரின் முதலாண்டுக் கமிஷன் உச்சவரம்பு 35 விழுக்காட்டிலிருந்து 28-ஆகக் குறைந்தது. புதுப்பித்தல் கமிஷன் 5-இலிருந்து 7.5-ஆனது உண்மையே, எனினும் அந்த வருவாய்க்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எண்டோமென்ட் திட்டத்தின் குறைந்தபட்சக் காப்புத்தொகையும் 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாயிற்று. சிறுதொகை செலுத்தும் ஏழையும், அவரைத் தேடி நடக்கும் முகவரும் ஒருசேர வெளியே தள்ளப்படுகின்றனர்.

வங்கியின் நிலை வேறு. கடன் கேட்டு வருபவரிடம் பாலிசியும் திணிக்கப்படுகிறது. வங்கிகள் காப்பீட்டைத் தவறாக விற்பது கடன் பெறுவோரின் செலவை மறைமுகமாகக் கூட்டுகிறது என 2024 நவம்பரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே ஒப்புக்கொண்டார். மெத்தப் படித்த அதிகாரிகள் நிறைந்த இடத்தில் நடக்கும் அந்த முறைகேட்டுக்கு எவருடைய அறியாமையைக் காரணம் காட்டுவது? அங்கே விற்பனை இலக்கு ஆட்சி செய்கிறது. இலக்கு இருக்கும்வரை எத்தனை மணிநேர வகுப்பு நடத்தினும் பயனிராது.

நம் அணிகளிலும் சிலர் முகவரைக் கமிஷன் தரகர் என்று ஒதுக்குவதுண்டு. மாதச் சம்பளமில்லை, வருங்கால வைப்புநிதியில்லை. போதிய புதுவணிகம் தராவிட்டால் முகமையே பறிபோகும். உழைப்பை விற்று வாழ்பவரை வேறெப்படி அழைப்பது? எல்.ஐ.சி.யில் மட்டும் இத்தகையோர் சுமார் 14 லட்சம் பேர். அவர்களது பணிக்கொடை வரம்பு 3 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆகவே தொடர்பயிற்சி மீண்டும் கட்டாயமாகட்டும். அதை விற்பனைப் பிரிவு நடத்தலாகாது. பொதுப்பொறுப்பில், நிறுவனங்களின் செலவில் நடத்த வேண்டும். பயிற்சி நாளுக்கு முகவருக்கு ஊதியம் வழங்கப்பட வேண்டும். பாடத்தில் பாலிசிதாரரின் உரிமைகள் முதலிடம் பெற வேண்டும். மீனாட்சிபுரம் முதல் தேவிகுளம், பீர்மேடு வரையிலான எல்லைப் பகுதிகளில் பாடநூலும் தேர்வும் மட்டுமின்றி, மக்கள் கையொப்பமிடும் பாலிசி விண்ணப்பமும் தமிழில் இருக்க வேண்டும்.